பானுக்கா கேட்ட ஜெயித்த காசு

ஷஹீன் பானுவுக்கு மேகலா ஆறாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். பதினான்கு வருஷக் கடன். கொடுக்க வக்கில்லாமல் நின்றதல்ல. வாங்க மாட்டேன் என்று அந்த அம்மாள் அடம்பிடித்ததால் நின்றது.

மேகலா யார் என்று கேட்பவன் ஆம்பூர்க்காரனாக இருக்க முடியாது. வேலூரில் காலேஜ் படித்தபோது கூடைப்பந்தில் அவளை மறிக்க மூன்று பேர் வேண்டும். மூன்று பேர் மறித்தாலும் பந்து கூடைக்குள்தான் விழும். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டும் செண்பகத்தின் மகள். அப்பா இல்லை, சிபாரிசு இல்லை, கையும் காலும்தான் சொத்து.

மூன்றாம் வருஷம் திருப்பத்தூரில் ஃபைனல். காலில் போட நல்ல ஷூ இல்லை. செண்பகத்துக்குப் பக்கத்து மெஷின் ஷஹீன் பானுவுடையது. அந்த மாசம்தான் அவளுக்குச் சீட்டு விழுந்திருந்தது. ஒழுகுகிற கூரையை மாற்ற வைத்திருந்த பணத்தை அப்படியே எடுத்து மேகலாவிடம் நீட்டினாள்.

"திருப்பித் தர்றதா இருந்தா ஜெயிச்ச காசுல தா. வேற காசு எனக்கு வேணாம்."

அங்கேதான் செண்பகத்தின் ரோஷம் குறுக்கே வந்தது. "சீமைக்கே ஷூ தெச்சு அனுப்புறவ நானு. எம் பொண்ணுக்குக் கடையில போய் வாங்கணுமா?" என்று ஒசத்தியான தோல் வாங்கி, ஷிஃப்ட் முடிந்தபின் தானே தைத்தாள். அடிப்பாகத்தையும், கம்பெனியில் அடி ஒட்டுகிற ஆபித் பாஷாவிடம் சொல்லி, ரப்பர் வேண்டாமென்று தோலிலேயே போட வைத்தாள். தோலுக்கும் கூலிக்கும் போக மிச்சம் வழிச்செலவுக்கு. ஷூ மாப்பிள்ளை போடுவது மாதிரி மினுமினுத்தது. களத்தில் வழுக்கியது. கடைசி நிமிஷம், ஒரு புள்ளி பின்னால் இருக்கும்போது, மேகலா பந்தோடு சறுக்கி விழுந்தாள். ஆட்டம் போயிற்று. அந்த மழைக்காலம் பூராவும் பானு வீட்டுக்குத் தார்ப்பாய்தான் கூரை.

மேகலா அம்மாவை ஒரு சொல் சொன்னதில்லை. "எங்கம்மா தெச்ச ஷூதான் என்னைக் கோச் ஆக்கிச்சு" என்பாள். படித்த காலேஜிலேயே கோச்சானாள். ஆட்டத்துக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையாகக் கால் நீட்டி உட்காரவைத்து ஒவ்வொரு ஷூவின் அடியையும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பாள். "இந்தப் பக்கம் எல்லாரும் ஷூவுக்கு மேல பாப்பாங்கடி. நான் கீழ பாக்குறேன்."

முதல் சம்பளத்தைக் கொண்டுபோனபோது பானு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இது சம்பளம். எடுத்துட்டுப் போ." அதன்பிறகு வருஷா வருஷம் ஒரே கேலி. "இன்னா கோச்சம்மா, இந்தத் தடவையும் ரெண்டாவதா? எங் கூரை பேஜார் ஆவுதுடி!" கூரை எப்போதோ மாறிவிட்டது. பேச்சு மாறவில்லை.

இந்த வருஷம் மறுபடி திருப்பத்தூர், மறுபடி ஃபைனல். தரையெல்லாம் தூசி. மேகலா ஓர் ஈரச் சாக்கை விரித்து, ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் பிள்ளைகளை அதில் கால் தேய்க்கச் சொன்னாள்.

"வீட்டுக்குள்ள வர்றாங்களாம், கால் தொடைக்கிறாங்க!" என்று எதிர்க் கோஷ்டி சிரித்தது.

கடைசி நிமிஷம். அதே ஒரு புள்ளி பின்னால். மேகலாவின் பிள்ளைகளில் ஒருத்தி, முத்துமாரி, பந்தோடு சடக்கென்று திரும்பினாள். மறிக்க வந்தவள் தூசியில் வழுக்கிப் போனாள். முத்துமாரியின் கால் ஆணி அடித்தது போல் நின்றது. பந்து கூடைக்குள் விழுந்தது. ஒரு புள்ளியில் ஜெயம்.

கோச்சுக்கென்று தனியாக ஒரு கவர் கொடுத்தார்கள், பத்தாயிரம். பிரிக்காமலே மறுநாள் ஆம்பூருக்கு பஸ் ஏறினாள். ஷிஃப்ட் விடும் நேரம், கம்பெனி கேட்டில் செண்பகமும் பானுவும் சேர்ந்து வந்தார்கள்.

"சம்பளமா?" என்றாள் பானு.

"கவரப் பாருக்கா. ஒட்டினது கூட பிரிக்கல."

பானு கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டிபன் பையைச் செண்பகத்திடம் கொடுத்தாள். புடவையில் கையைத் துடைத்து, ஊசி குத்திக் காய்த்துப்போன உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"எண்ணி வை. பதினாலு வருஷம் நின்னாச்சு, அவசரமில்ல."

மேகலா கவரை வாங்கிக் கிழித்தாள். ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தாள். சுற்றி நின்ற பொம்பளைகளும் சத்தமாக எண்ணினார்கள். "பத்து… பதினொண்ணு…" பன்னிரண்டாவது நோட்டு அந்தக் கையில் விழுந்தது.