வீட்டில் கேட்டுச் சொல்கிறவர்

கண்ணாடிக் கடையில் அவருக்கு 'கேட்டுச்சொல்லி' என்று பெயர். கூடுதல் வேலைக்கு நிற்கிறாயா என்றாலும் சரி, புதுச் சட்டை எடுக்கப் போகலாமா என்றாலும் சரி, "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்பார். கண்ணாடியை வெட்டும்போது மட்டும் அவர் யாரையும் கேட்டதில்லை. வைரமுனையை வைத்து ஒரே இழுப்பு. நடுவில் கை தயங்கினால் கண்ணாடி கோணலாக உடைந்துவிடும். அவ்வளவு உறுதியான கை, வீட்டு வாசப்படி தாண்டினால் பூனைக்குட்டியாகிவிடும்.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயந்து நடுங்குகிறவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து நடுரோட்டில் ஓட்டவிடுகிறவளுக்கு முடிவெடுப்பதெல்லாம் ஒரு வேலையா? "என்னைக் கேக்காம நீ மூச்சு விடுறதே பெரிசு" என்று கேலி செய்துகொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொல்வாள். அப்படித்தான் இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

அவள் கர்ப்பமாக இருந்த ஐந்தாவது மாதத்தில் ஒரு காலை, தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. பெரிய டாக்டர் இவரை அறைக்குள் அழைத்துப் பூசி மெழுகாமல் சொன்னார். மூளை இறந்துவிட்டது, இனி அவள் எழுந்திருக்கப் போவதில்லை. நெஞ்சு ஏறி இறங்குவது மெஷினால்தான். ஆனால் குழந்தையின் இதயம் துடிக்கிறது. மெஷினைப் பல வாரம் ஓட்டினால் குழந்தை பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். பிழைத்தாலும் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"என்ன பண்ணலாம்னு நீங்கதான் சொல்லணும்."

"அவளைக் கேட்டுச் சொல்றேன் டாக்டர்."

வாய்ப் பழக்கம். சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது. டாக்டர் மேசையைப் பார்த்தார். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. மாடிப்படி ஏறுவார், எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் இறங்குவார். டீயை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மறந்துபோவார். உட்காரச் சொன்னால் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிடுவார். ஐசியு வாசலிலோ இரண்டு கட்சி.

"அவ போயிட்டாடா தம்பி. குழந்தையாவது தங்கட்டும். அவளோட மிச்சம்டா அது," என்றார் அவருடைய அக்கா.

"மிச்சமா? என் பொண்ணு என்ன அடைகாக்குற பெட்டியா?" என்றார் மாமியார். "அவ அப்பாவுக்கு மெஷின் வச்சப்ப அவ சொன்னது உங்களுக்கும் தெரியும் மாப்பிள்ளை. எனக்கு இப்படி வந்தா இழுத்துப் பிடிக்காதீங்க, அனுப்பிடுங்கன்னா."

"அப்ப அவ வயித்துல குழந்தை இல்லையே," என்றார் அக்கா.

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகவே பட்டது, அதுதான் இம்சை. ஒருவராவது அநியாயமாகப் பேசித் தொலைத்திருந்தால், கோபப்பட்டாவது ஒரு பக்கம் சாய்ந்திருப்பார். இருதலைக் கொள்ளி எறும்பாக அங்குமிங்கும் நடந்தார்.

ஒரு மதியம் தாங்க முடியாமல் கடைக்கே போய்விட்டார். ஜன்னல் கண்ணாடி ஒன்றை எடுத்து, முனையை வைத்து இழுத்தவர் பாதியில் நின்றார். விரிசல் தன் இஷ்டத்துக்கு ஓடியது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் போயிற்று. முதலாளி திட்டவில்லை. கருவியை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு, "நீ அங்க போய் இருப்பா" என்றார்.

திரும்பி வந்து மனைவியின் பக்கத்தில் நின்றார். அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது. பாழாய்ப்போன அந்தச் சூடுதான் ஆளை ஏமாற்றியது. குனிந்து, "என்ன பண்ணட்டும், சொல்லு" என்று கேட்டார். மெஷின் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. சமையலறைக்கு என்ன பல்பு என்பதுவரை முடிவு செய்தவள், இதை மட்டும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாளே என்று மனதாரத் திட்டினார். திட்டிக்கொண்டே அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினார்.

அன்று சாயங்காலம் ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் வந்தார். "துடிப்பு இருக்கு. ஆனா குழந்தை வளரல. இவங்க ரத்தத்துல கிருமி பரவ ஆரம்பிச்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் முயற்சி பண்ணலாம், ரொம்ப நம்பிக்கை தர முடியாது. நிறுத்துறதும் தப்பில்ல."

பிழைக்க வழி இருந்தால் அந்தக் குழந்தைக்காக அவள் எதையும் தாங்கியிருப்பாள். பேருக்கு இழுத்தடிப்பது அவளுக்குப் பிடிக்காது. அவள் இருந்தால் இதைத்தான் சொல்வாளா? தெரியவில்லை. தெரியாமலேதான் அவர் வாயைத் திறந்தார்.

"போதும் டாக்டர். நிறுத்திடலாம்."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். மாமியார்தான் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார்.

"இன்னிக்கு வேண்டாம் மாப்பிள்ளை. நாளைக்குப் பார்க்கலாம். துடிக்குதுன்னு சொல்றாரே."

"அத்தை…"

"நான் ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். நான் சொன்னேன்னு செஞ்சிடாதீங்க. பெத்தவளே முடிச்சிட்டான்னு ஆயிடும்."

அவருக்கு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. ஓடவில்லை.

"நீங்க சொன்னதுக்காகப் பண்ணல அத்தை. நான்தான் முடிவு பண்ணேன். நாளைக்கு யாரு கேட்டாலும், உங்க மனசே உங்களைக் கேட்டாலும், அவன்தான் பண்ணான்னு சொல்லிடுங்க."

மாமியார் அவர் கையை விடவில்லை. கையைப் பிடித்தபடியே உள்ளே போகத் திரும்பினார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவந்து, அவர்களுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.