பத்து வீட்டுக்கும் ஒரே பதில்

எங்கள் தெருவில் முதுகலை வரை போனவள் ஷர்மிளா ஒருத்திதான். பக்கத்து வீட்டுப் பெண். படிப்பின் பெயர் அறிவியல் தொடர்பியல்.

"இன்னாம்மா படிப்பு அது?" என்று கேட்டேன்.

"சயின்ஸ எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்றதுண்ணா."

அதற்கு ரெண்டு வருஷமா என்று மனசுக்குள் சிரித்தேன். கள்ளிக்குப்பத்தில் லேத் ஓட்டுகிறவனுக்கு அவ்வளவுதான் புத்தி.

கடைசி செமஸ்டருக்கு அவள் எடுத்துக்கொண்டது லாரித் தண்ணீரை. குளோரின் வாசனை அடித்தால் எங்கள் தெருவில் குடத்தோடு சாக்கடையில் கவிழ்த்துவிடுவார்கள். பிறகு போர்வெல் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுவார்கள். ஷர்மிளா நோட்டீஸ் அடித்துப் பத்து வீட்டில் கொடுத்து விளக்கினாள். அவளுடைய பேராசிரியர் அருள்மொழி மேடம் நேரில் வந்து கேட்பார். ஏழு வீடாவது புரிந்துகொண்டு சொன்னால் பாஸ். இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம்.

நம் தெருப் பெண்ணை ஃபெயிலாக விடுவோமா? எதிர்வீட்டு நாகம்மா எல்லோரையும் உட்காரவைத்து நோட்டீஸை மனப்பாடம் செய்யவைத்தாள். பத்தாவது வீடு நான். கமா விடாமல் ஒப்பித்தேன்.

பேராசிரியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் நாகம்மாவிடம், "அப்போ இந்தத் தண்ணிய உங்க பேரனுக்குக் குடுப்பீங்களா?" என்றார்.

"ஐயோ, கொழந்திக்கா? நாங்க எப்பவோ சாக்கடைல ஊத்திட்டோம்மா!"

ஷர்மிளாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உதவி செய்கிறோம் என்று அவளுடைய ஆறு மாத உழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டிருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் யாரையும் திட்டவில்லை. நோட்டீஸ் கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டாள். லாரி வரும் நாளெல்லாம் குடத்தோடு வரிசையில் நின்றாள். "ஏன்க்கா ஊத்தறீங்க?" இது ஒன்றைத்தான் கேட்டாள்.

"ஆஸ்பத்திரி வாசன வருதுடி" என்றாள் நாகம்மா.

"ஆஸ்பத்திரில பினாயில் வாசன வந்தா இன்னான்னு சொல்வீங்க?"

"சுத்தமா வெச்சிக்கினு கீறாங்கன்னு சொல்வேன்" என்றவள், தூக்கிய குடத்தைக் கீழே வைத்தாள்.

அடுத்த முறை பேராசிரியர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். ஷர்மிளா கல்லூரியில் இருந்தாள். நல்ல வெயில். ஆறு வீட்டில் சரியான பதில் கேட்டுவிட்டு வந்தவரை நாகம்மா உள்ளே கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அன்று காலை லாரியில் வந்தது. பேராசிரியர் வாயருகே கொண்டுபோய், முகர்ந்து, அப்படியே நிறுத்திவிட்டார்.

"இன்னாம்மா, படிச்ச பொம்பள நீயே மூஞ்ச சுளிக்கிற? கிருமியக் கொல்ற மருந்து உள்ள நிக்குதுன்னுதான் அந்த வாசன. கொஞ்ச நேரம் தொறந்து வெச்சா கொறஞ்சிடும். என் பேரன் இதத்தான் குடிக்கிறான். பயப்படாம குடி."

பேராசிரியர் மொத்தத்தையும் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நோட்டைத் திறந்து மார்க் போட்டார்.