அண்ணன் எழுதிய பதினான்கு குறைகள்

எங்கள் அண்ணனுக்குத் தாம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தைக் கண்டாலே ஆகாது என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். அண்ணனின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் சிரிக்கலாம்.

அண்ணன் நாகப்பட்டினத்தில் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலேறி சிங்கப்பூர் வந்தவர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கே சோறு. அது சரியாக வேகவில்லை என்று அப்போதும் குறை சொன்னவர் அண்ணன். சண்டை ஓய்ந்ததும், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட தமிழ்ப் பள்ளியில் ஆசிரியரானார். பிறகு நானும் அங்கேயே சேர்ந்தேன். தலைமையாசிரியரோடு மூன்றே பேர். ஒருவர் குறைந்தாலும் பள்ளியை மூட வேண்டிவரும் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது.

ஆண்டுவிழா மேடையில் "இந்தப் பள்ளி என் தாய்" என்று கண்கலங்குகிறவன் நான். அண்ணன் கீழே உட்கார்ந்து, "மைக்கு இரையுது" என்பார். காலையில் வாசலில் கால் வைத்ததும் கூரை ஒழுகுகிறது, பெஞ்சு ஆடுகிறது என்று ஆரம்பித்தால் மணியடிக்கும்வரை ஓயமாட்டார்.

ஓர் ஆண்டு இறுதியில் எங்கள் இருவருக்கும் அரசாங்கப் பள்ளியிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. அதே வாரம் அண்ணன் நிர்வாகத்துக்கு ஏதோ நீளமாக எழுதிக்கொண்டிருந்தார். ராஜினாமாதான் என்று முடிவு கட்டினேன். அவர் போனால் பள்ளியை மூடுவார்கள், கடைசியில் பூட்டும் சாவியுமாக நிற்கப்போவது நான்தான் என்று கணக்குப் போட்டேன். அவரை முந்திக்கொண்டு என் ராஜினாமாவைக் கொடுத்தேன். ஓட்டப்பந்தயத்தில் நான் முதலாவதாக வந்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் தலைமையாசிரியர் அண்ணனின் கடிதத்தைக் காட்டினார். அடுத்த ஆண்டுக்குள் சரிசெய்ய வேண்டிய பதினான்கு குறைகள். ஒன்பதாவது, என் வகுப்பறையின் சன்னல் கொக்கி.

"தினமும் திட்டுனீங்களேண்ணே," என்று அண்ணனிடம் போய் நின்றேன்.

"திட்டுனா விட்டுட்டுப் போயிடணுமா? உன்னையுந்தான் பொறந்ததுலேர்ந்து திட்டுறேன். போயிட்டேனா? உன் கடுதாசியத் திருப்பி வாங்கிக்கடா."

நான் வாங்கவில்லை. புதிய பள்ளியில் கூரை ஒழுகாது.

சென்ற ஆண்டு மருத்துவமனையில் அண்ணன் எதற்கும் குறை சொல்லாமல் கிடந்தார். "கஞ்சியில உப்பில்லன்னுகூடச் சொல்லல தம்பி," என்று அண்ணியார் அழுதார். நான் அருகில் போய் நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்து, "பொத்தான மாத்திப் போட்டிருக்கே," என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அந்தப் பொத்தானை அன்று முழுக்க நான் சரிசெய்யவில்லை.

தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்துக் கடை பாய்க்கும், வேலைக்கு விடுப்புப் போட்டு வந்து அண்ணனைக் கடைசியாகத் தோளில் தூக்கிச் சென்ற அவருடைய பழைய மாணவர்களுக்கும், சடங்குகளில் உடன்நின்ற சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன்பட்டது. இம்மலரில் குறை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். அண்ணன் சொல்லியிருப்பார்.

நான் போன பிறகு என் இடத்துக்கு யாரும் வரவில்லை. எங்கள் இரண்டு வகுப்பறைகளுக்கும் நடுவிலிருந்த கதவை அண்ணன் கழற்றி வைத்தார். அந்த நிலைப்படியில் நின்றபடியே தம் வகுப்பையும் என் வகுப்பையும் நான்கு ஆண்டுகள் நடத்தினார். பள்ளிக்கூடம் மூடப்படவில்லை.