வீக்கம் வடிந்த கால்

கைகள் நாற்றைப் பறித்துக்கொண்டிருந்தன. ஒரு பிடி சேர்ந்ததும் வேரிலிருந்த சேற்றைத் தண்ணீரில் அலசி, வைக்கோல் பிரியைச் சுற்றி நாற்றுமுடியாகக் கட்டின. நின்று குனிந்து செய்கிற வேலை. சாமிதுரை அதைச் சேற்றில் உட்கார்ந்து செய்தான். இடது காலை மடக்க முடியாமல் நீட்டிப் போட்டிருந்தான்.

புரட்டாசியில், அவனுடைய குத்தகை வயலில் விளைந்த குறுவை நெல்லை அறுத்துக்கொள்ள, நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணையார் தியாகேசன் தம் ஆட்களை இறக்கினார். மறித்து நின்றவனின் தொடையில் கம்பு விழுந்தது. எலும்பு தப்பியது. உள்ளே சதை நைந்து, தொடை பூசணிக்காயாக வீங்கியது.

ஆஸ்பத்திரி டாக்டர் வீக்கத்தை வற்றவைக்க அவசரப்படாதே என்றார். ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அங்கே கூடிச் செத்த சதையைத் தின்று அப்புறப்படுத்துகின்றன. அது முடிந்தபின் அவையே புதுச் சதை வளரத் துணை நிற்கும். வீக்கமும் சூடும் அந்த வேலையின் அடையாளம். தேய்க்காதே, பாரம் ஏற்றாதே என்று சொல்லி அனுப்பினார்.

சாமிதுரைக்குப் புரியாமல் இல்லை. குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது, அது அழுகும்வரை பொறுத்துத்தான் அடுத்த போகமான தாளடியை நடவேண்டும். முந்தினால் பயிர் மஞ்சளித்துப் போகும். ஆனால் பொறுத்திருக்க அவனுக்கு வழியில்லை. சொந்த உடம்பால் பாடுபடுகிற குத்தகைக்காரனை வெளியேற்ற முடியாது என்றது சட்டம். தியாகேசன் அந்த உடம்பையே பிடித்துக்கொண்டார். உழ முடியாதவனுக்கு எதற்கு நிலம் என்று வருவாய் ஆய்வாளரிடம் மனு கொடுத்தார். நடவன்று நேரில் வருவதாக ஆய்வாளர் சொன்னார்.

சாமிதுரை கம்பவுண்டர் பஞ்சநதத்திடம் போய், வீக்கம் வற்ற ஊசி போட்டுக்கொண்டான். சில நாளில் தொடை வடிந்தது, வலியும் அடங்கியது. ஏரைத் தூக்கியவனை மனைவி அம்சம் மறித்தாள்.

"வீக்கந்தான் போயிருக்கு. உள்ள ஆறுச்சான்னு யாரு பாத்தா?"

"வயலு போனப்பறம் காலு ஆறி என்ன பண்றது?"

பாதி வயல் ஓட்டுவதற்குள், சேற்றிலிருந்து காலை உருவும்போது தொடைக்குள் ஏதோ அறுந்தது. ஊசி வீக்கத்தோடு உள்ளே நடந்த வேலையையும் நிறுத்தியிருந்தது; செத்த சதையை இன்னும் அள்ளி முடிக்காத இடம். புதுச் சதை பிடிக்கவே இல்லை. மீதியை அம்சத்தின் தம்பி ரெத்தினம் உழுதான். இனித் தழும்புதான் ஏறும், பழைய வலு வருமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

நடவன்று ஆய்வாளர் வரப்பில் வந்து நின்றார். பக்கத்தில் தியாகேசன்.

"எந்திரிச்சு நிக்கச் சொல்லுங்க சார், பாப்போம்."

நடவுப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சாமிதுரை கையூன்றி எழப் பார்த்தான். தொடை தாங்கவில்லை; இடுப்பு மறுபடி சேற்றில் விழுந்தது. தியாகேசன் சிரித்தார். ஆய்வாளர் சிரிக்கவில்லை.

"நிக்க முடியலங்க," என்றான் சாமிதுரை. "வேலை நிக்கலங்க."

கையிலிருந்த நாற்றை அலசினான். பிரியைச் சுற்றி இறுக்கினான். வந்து நின்ற அம்சத்தின் கையில், உட்கார்ந்தபடியே, நாற்றுமுடியைக் கொடுத்தான்.