இறக்கம் வந்தால் எஞ்சினை நிறுத்துபவர்

காவிரிப் பாலத்திலிருந்து மாம்பழச்சாலைப் பக்கம் இறங்கும்போது கார் திடீரென்று செத்துப்போனது. ஸ்டீயரிங் இறுகிவிட்டது. பின்னால் டவுன் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. என் பக்கத்து பிரேக்கை ஏறி மிதித்து ஓரங்கட்டினேன். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவருக்கும் தனியாக கிளட்ச், பிரேக் உண்டு. சாவி மட்டும் ஒன்றுதான். அது கற்றுக்கொள்பவர் பக்கம்.

பார்த்தால், ரகு சார் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தியிருந்தார்.

"என்ன சார் பண்ணீங்க?"

"இறக்கம் வந்துச்சே?" என்றார், எனக்குத்தான் தொழில் தெரியாது என்பதுபோல.

ரகுவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தில்லை நகரில் ஒரு மருந்து கம்பெனியில் வேலை. மேனேஜர் பதவியும் கம்பெனி காரும் வரப்போகின்றன. லைசென்ஸ் எடுக்காவிட்டால் இரண்டும் அவருக்குக் கீழே இருப்பவருக்குப் போய்விடும். ஹாஃப் கிளட்ச், ரிவர்ஸ், எட்டுப் போடுவது எல்லாம் சுத்தமாகச் செய்வார். இறக்கம் வந்தால் மட்டும் கை தானாகச் சாவிக்குப் போகும்.

விசாரித்தேன். சின்ன வயதில் அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு போவாராம். இறக்கம் வந்ததும் அப்பா "ஆஃப்" என்பார். பையன் வண்டியை அணைப்பான். பெட்ரோல் மிச்சம். தம்பியை விட்டுவிட்டுத் தன்னிடம்தான் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார் என்று சொல்லும்போது இப்போதும் அவர் முகத்தில் பெருமை.

சாவிமேல் துணியைச் சுற்றிப் பார்த்தேன். துணியோடு திருப்பினார். சாவிக்குப் போகும் அவர் கையைப் பிடித்துக்கொண்டே பாலத்தை இறங்கிப் பார்த்தேன். நடைபாதையில் போனவர்கள் எங்கள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அதையும் விட்டேன்.

கடைசியில் ஸ்ரீரங்கத்தில் அவர் அப்பாவையே போய்ப் பார்த்தேன்.

"நான் சொல்லி அவன் கேக்கவா போறான்?" என்றார் பெரியவர். "என் பேச்சை ஒரு நாளாவது கேட்டிருக்கானா? ரயில்வே பரிட்சை எழுதுடான்னேன், மருந்து விக்கப் போனான்."

கையைக் காலைப் பிடித்து அவரைப் பின் சீட்டில் உட்கார வைத்தேன். பாலத்து இறக்கம் வந்தது. ரகுவின் கை சாவிக்குப் போனது.

"சொல்லுங்கய்யா, நிறுத்த வேணாம்னு!"

"பெட்ரோல் விக்கிற விலைக்கு எப்படிங்க சொல்றது?"

"ஐயா, பின்னாடி லாரி!"

பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "எரியட்டும்டா. இனிமே நான் சொல்ற வரைக்கும் சாவியத் தொடாதே."

கை ஸ்டீயரிங்குக்குத் திரும்பிவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன், பெரியவர் கண் கலங்கியிருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

டெஸ்ட் அன்று ஆர்டிஓ ஆபீஸ் மைதானத்தில் ரகு பிரமாதமாக ஓட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து டெஸ்ட் எடுத்த பிரேக் இன்ஸ்பெக்டர் இறங்கி, "போதும், வண்டிய ஆஃப் பண்ணிட்டு வாங்க" என்றார்.

ரகு அசையவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"உங்களத்தான் சார், ஆஃப் பண்ணுங்க."

"ஒரு நிமிஷம் சார்," என்று ரகு கேட் பக்கம் பார்த்தார். அங்கே, கூட வந்திருந்த பெரியவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கேட்டுக்கு ஓடினேன்.

"ஐயா, ஆஃப்னு சொல்லுங்க, சீக்கிரம்!"

அவர் ஸ்ட்ராவை எடுத்துவிட்டு, மைதானமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்: "ஆஃப்!"

ரகு சாவியைத் திருப்பினார்.

இன்ஸ்பெக்டர் கேட்டையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் ஓட்டுறீங்க. யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டபடி பாஸ் போட்டார்.

"எங்க அப்பாகிட்ட சார்."

ஸ்கூல் பெயர் எழுதிய சட்டையோடு, மூச்சிரைக்க, நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். முதலில் சுருக்கென்றது. யோசித்தால், அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். வருகிறவரை சீட் பெல்ட் போடச் சொல்வதற்கு முன்னால், அவருடைய அப்பா என்ன வண்டி வைத்திருந்தார், அதை எப்படி ஓட்டினார் என்று கேட்டுவிடுங்கள்.