பன்னிரண்டாவது கேலக்ஸியின் சாய்வு

எங்கள் தொழிலில் யாரும் எதையும் தராசில் வைப்பதில்லை; ஒரு கேலக்ஸியில் விண்மீன்களும் வாயுவும் எவ்வளவு வேகமாகச் சுற்றுகின்றன என்று பார்த்து, அவற்றைச் சிதறாமல் பிடித்துவைக்க எவ்வளவு எடை வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறோம். விடை இப்படித்தான் வர வேண்டும் என்று தெரிந்த கணக்கில் நடுவரியைத் திருத்திவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள் யாராவது இருந்தால், இது உங்களுக்காகத்தான்.

சாப்பாட்டுத் தட்டு

பெங்களூரில் இருக்கும் எங்கள் ஆய்வு நிலையத்தைப் பொதுமக்கள் பார்க்க வரும் நாள். விளக்கிச் சொல்லும் வேலை எனக்கு. கேன்டீன் தட்டு ஒன்றைக் கையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "கேலக்ஸி இந்த மாதிரி தட்டையானது. நம்மை நோக்கி வரும் வேகமும் விலகிப் போகும் வேகமும் மட்டும்தான் நமக்குத் தெரியும். தட்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் உண்மையான வேகம் கிடைக்கும். படத்தில் அது எவ்வளவு நீள்வட்டமாக இருக்கிறது என்பதை வைத்துச் சாய்வை அளப்போம்."

விவேக் நகரில் தையற்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா தட்டை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "அப்ப சாய்வை நீங்களே பாத்து சொல்லிக்கிறதுதானா தம்பி? நல்ல வசதிதான்!"

ஐந்து டிகிரி

அந்த அம்மா சொல்லும்வரை அதை நான் வசதியாக நினைத்ததில்லை. அடுத்த வாரம் நினைத்தேன்.

என்னிடம் இருந்தவை பன்னிரண்டு கேலக்ஸிகள். வெளிச்சம் அதிகமான கேலக்ஸி வேகமாகச் சுற்றும். வரைந்தால் புள்ளிகள் ஏறக்குறைய ஒரு கோட்டில் நிற்கும். பதினொன்று நின்றன. பன்னிரண்டாவது, தன் வெளிச்சத்துக்கு மிக மெதுவாகச் சுற்றியது. அதன் சாய்வு நான் அளந்தபடி முப்பத்திரண்டு டிகிரி. அதை அழித்து இருபத்தேழு என்று போட்டேன். சாய்வைக் குறைத்தால் கணக்கில் வேகம் கூடும். கூடியது, எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது, புள்ளி போய்க் கோட்டில் உட்கார்ந்துகொண்டது. ஐந்து டிகிரி பிழை வரக்கூடிய மங்கலான படம்தான் அது. ஆனால் நான் படத்தைத் திரும்பப் பார்க்கவே இல்லை. கோட்டை மட்டுமே பார்த்தேன்.

இந்தப் பன்னிரண்டையும் வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவர் என் சீனியர் நாகேஷ், மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் தமிழர். என் முதுகில் ஓங்கித் தட்டிக் கன்னடம் கலந்து பாராட்டினார்; பிடித்தவர்களெல்லாம் அவருக்கு 'குரு'தான். "சக்கத்தா இருக்கு குரு! பேப்பர்ல இதான் முதல் படம்."

அப்பா பார்த்த படம்

எங்கள் வீடு பொம்மனஹள்ளியில். அப்பா ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா என் பையிலிருந்து அந்தப் புள்ளிப் படத்தை எடுத்து, "இந்தப் புள்ளியெல்லாம் நீ போட்டதா?" என்று கேட்டார். தலையாட்டினேன். கோட்டின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினார். பன்னிரண்டாவதன் மேலும் அதே விரல், அதே வேகத்தில் போனது. பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரு, நம்ம புள்ள போட்டதுல ஒண்ணுகூட கோட்டை விட்டு வெளிய போகல."

வியாழக்கிழமை

மறுநாள் கட்டுரை இதழுக்குப் போக வேண்டும். சொல்லாவிட்டால் தவறான எடை என் பெயரோடு போய்விடும், யாரோ அதை நம்பி மேலே கணக்குப் போடுவார்கள். சொன்னால் நாகேஷின் ஆறு மாத வேலை நிற்கும். என் உதவித்தொகையைத் தொடரலாமா என்று முடிவுசெய்யும் கூட்டமும் பக்கத்தில் இருந்தது. என் ஆய்வு வழிகாட்டியான சாரின் அறைவரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். மூன்றாவது முறை கதவைத் தட்டிவிட்டேன். உள்ளே நாகேஷும் இருந்தார்.

"அளந்தது முப்பத்திரண்டு சார். நான் இருபத்தேழுன்னு போட்டுட்டேன்."

"ஏன், படம் சரியில்லையா?"

"படத்துக்காக இல்ல சார். புள்ளி கோட்டுல வரல."

நாகேஷ் லேப்டாப்பை மூடினார். அன்று அவர் என்னைக் குரு என்று கூப்பிடவில்லை. சார் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்து கேலக்ஸி ஏதாவது இழுத்து அதன் வாயு குலைந்திருக்கலாம், அது உண்மையிலேயே மெதுவாகச் சுற்றலாம், அதைத்தானே நாம் பார்த்திருக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த ஒண்ணை நீயே வந்து சொல்லிட்டே, சரி. மத்த பதினொண்ணை நான் இப்ப எப்படிப்பா நம்புறது?"

கட்டுரை போகவில்லை, எந்தத் தப்பும் செய்யாத பதினோரு கேலக்ஸிகள் இப்போது என்னோடு சேர்ந்து விசாரணையில் இருக்கின்றன.