சோர்ஸ் கோடு காட்டப்படமாட்டாது

மெஷின் செய்து விற்கிறவனுக்கு வாய் கூசாமல் பொய் சொல்ல வர வேண்டும். "எங்க மெஷின் தப்பே பண்ணாது" என்பது அதில் முதல் பாடம். இதே தொழிலில் சர்வீஸ் போன் எடுத்துப் பழகிய உங்களுக்குத் தெரியாததா? நாங்கள் செய்வது கைரேகை வைக்கும் வருகைப்பதிவு மெஷின். அதற்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டமும் எங்கள் சொந்தச் சரக்கு.

பாதருக்கும் மேலே

அந்த சிஸ்டத்தை ஓட்டும் கட்டளை வரிகளான சோர்ஸ் கோடு முழுவதையும் பிரிண்ட் எடுத்து, அவனியாபுரம் ஆபீஸில் ஓர் அறையில் பூட்டி வைத்திருக்கிறோம். வாசலில் போனைக் கொடுத்து, ரிஜிஸ்டரில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே போகலாம். இரண்டே பேருக்கு அனுமதி. அதில் நான் ஒருவன். இந்தப் பெருமையைப் போகிற இடமெல்லாம் அளந்துவிடுவேன்.

ஒரு மிஷன் பள்ளிக்கூட கிளார்க், டீச்சர்கள் வந்த நேரம் தப்பாக விழுகிறது, சோர்ஸ் கோடைப் பாருங்கள் என்றார். "அது கம்பெனி ரகசியம்ணே" என்றேன். சிரித்துவிட்டார்.

"எங்க பாதர் பாவசங்கீர்த்தனத்தைக் கூட இம்புட்டுப் பத்திரமா வச்சிருக்க மாட்டாரு தம்பி."

மொத ஆளு

பரவைப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்த பேச்சியம்மாள் ஆபீசுக்கே வந்துவிட்டார். ஒரே மாதத்தில் மூன்று முறை லேட் என்று மெஷின் காட்டியதால் வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்களாம். "ஷிப்டுக்கு மொத ஆளா போறவ சார் நான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மெஷின் பொய் சொல்லாதம்மா, அதோட கோடு ரகசியம், அந்த ரூம்ல பூட்டி வச்சிருக்கு என்று நின்றபடியே பதில் சொல்லி அனுப்பப் பார்த்தேன். கோடு அறை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. ரிஜிஸ்டர் எழுதச் சோம்பல், அவ்வளவுதான். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"நீங்க உள்ள போயிப் பாத்தீகளா சார்?"

காலிக் கட்டம்

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார். "கரண்டு போயி வந்த அன்னைக்குத்தான் சார் லேட்டுங்குது" என்றார். வேறு வழியில்லாமல் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு உள்ளே போய்ப் பக்கங்களைப் புரட்டினேன். இருந்தது. கரண்ட் வந்ததும் முதலில் விரல் வைப்பவருக்கு மட்டும் கடிகாரம் இருபது நிமிடம் கூட்டிக் காட்டும். அடுத்த ஆளுக்குச் சரியாகிவிடும். முதலில் வந்தவருக்குத்தான் லேட்!

பக்கத்திலேயே, இங்கிலீஷ் எழுத்தில் தமிழில் ஒரு குறிப்பு: "மொத ஆளுக்குத் தப்பா வருது. அப்புறம் பாத்துக்கலாம்." கீழே என் இனிஷியல். எட்டு வருஷத்துக்கு முன்னால் நானே எழுதி, நானே மறந்தது. பேசாமல் நழுவப் பார்த்தவனை, சாவி வைத்திருக்கும் ஸ்டெல்லா மேடம் நிறுத்தி ரிஜிஸ்டரைத் திருப்பினார்.

"காரணம்ங்கிற கட்டம் காலியா இருக்கு சார், என்னன்னு எழுதட்டும்?"

படித்துக் காட்டியது

சோர்ஸ் கோடை வெளியே கொண்டுபோகக் கூடாது. அந்தக் குறிப்பை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மில்லுக்குப் போனேன். மேனேஜரையும் பேச்சியம்மாளையும் வைத்துக்கொண்டு படித்துக் காட்டி, எழுதினது நான்தான் என்றேன். வேலை திரும்பக் கிடைத்தது. பேச்சியம்மாள் திட்டியிருந்தால் தேவலை. தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ரகசியம் ரகசியம்னீகளே சார், இம்புட்டுத்தானா?"

எங்கள் தொழிலில் பூட்டி வைத்திருக்கும் ரகசியத்தில் பாதி, வெறும் மானக்கேடு.